அசல் கடிதம்

“ஆன்ட்டி, பத்திரிகையில நீங்க எழுதின கேள்வி-பதிலைத்தான் டிவி நாடகமா எடுக்கிறோம்,” என்றான் இயக்குநர் ஆதவன். சிங்கப்பூரின் ஆங் மோ கியோ பகுதியில், இராசமலரின் வீட்டில் உட்கார்ந்திருந்தான்.

“முதல் எபிசோட் எந்தக் கடிதம், தம்பி?”

“புருஷன் அடிக்கிறான், அம்மாகிட்ட சொல்லலாமான்னு ஒரு பொண்ணு கேட்டிருந்தா. அம்மாவுக்கு எதுக்கு வீண் கவலை, பொறுத்துப் போன்னு எழுதியிருந்தீங்க. அப்புறம் அவ என்ன ஆனா?”

“எனக்கு எப்படித் தெரியும்? யார் எழுதினதுன்னு தெரியக்கூடாதுன்னு ஆபீஸ்ல டைப் பண்ணித்தான் குடுப்பாங்க.”

“அசலே கிடைச்சிருச்சு லா!” பழுப்பேறிய தாளை நீட்டினான். “பேர்தான் இல்ல. ஆளைத் தேடணும்.”

இராசமலர் வாசித்தார். பிறகு, சுவரில் மாலையிட்டிருந்த மகளின் படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“தேட வேணாம், தம்பி. இது தாரகா கையெழுத்து.”