எழில்மதியின் நாற்பது

சைன் அலைக்கு அடங்காத பொருள் பிரபஞ்சத்திலேயே கிடையாது என்று கள்ளக்குறிச்சிக் கல்லூரியில் நிறுவியவன் நான். அலைகாட்டியின் ஒயரை விரலால் தொட்டால், சுவரில் ஓடும் மின்சாரம் நம் உடம்பு வழியாகத் திரையில் அலையாக வரும். ஓர் அலைக்கு நான்கு கட்டம். எங்கள் அளவில் இருநூறைக் கட்டங்களால் வகுத்தால் ஐம்பது ஹெர்ட்ஸ். யார் தொட்டாலும் ஐம்பதுதான்.

வெள்ளிமலையிலிருந்து வரும் எழில்மதிக்கு மட்டும் நாற்பது. கட்டத்தை எண்ணாமல் கோட்டை எண்ணுவாள். நான்கு கட்டத்துக்கு ஐந்து கோடு; ஐந்தால் வகுத்தால் நாற்பது.

"இன்னா எழிலு, உங்க மலையில கரண்டு கம்மியா?" என்பேன்.

"போடா. ஒரு வாட்டி என்னை மாதிரி எண்ணித்தான் பாரேன்."

மார்கழியில் காய்ச்சல் வந்து இறந்துபோனாள். அடுத்த புதன்கிழமை லேபில் அவள் மேசையில் ஒயரைத் தொட்டேன். அலை ஐந்து கட்டத்துக்கு நீண்டது. நாற்பது. என் லேப் கூட்டாளி நிஷாத் தொட்டான், நாற்பது. பக்கத்து மேசையில் எங்கள் இருவருக்கும் ஐம்பது.

"மெஷின் அவுட்டுடா," என்றான் நிஷாத்.

நான்கு புதன்கிழமைகள் நாற்பதே வந்தது. ஐந்தாவதில் ஐம்பது.

"பாரு, தானா சரியாயிடுச்சு," என்று நிஷாத் கை கழுவப் போனான்.

நான் ஒயரை விடவில்லை. திரையருகே குனிந்து கோடுகளை எண்ணினேன். ஐந்து. ரெக்கார்டு நோட்டில் நாற்பது என்று எழுதினேன்.