படுக்கை மாற்ற வேண்டாம்

இன்றும் அந்தக் கதவில் பச்சை அட்டை தொங்கியது. ‘படுக்கை மாற்ற வேண்டாம், துண்டு மாற்ற வேண்டாம், தண்ணீர் மிச்சமாகட்டும்.’ மேனேஜர் மிட்சுயோவுக்கு அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஜப்பானின் பெப்பு நகரத்தில் வெந்நீர் ஊற்றுக்கும் பஞ்சமில்லை, ஹோட்டலுக்கும் பஞ்சமில்லை. அத்தனையிலும் நம் ஹோட்டல்தான் முதலில் பசுமைச் சான்றிதழ் வாங்கும் என்று எல்லோர் முன்னாலும் மார்தட்டியிருந்தாள். அட்டை அடித்தாயிற்று, விரும்புகிறவர்கள் கதவில் மாட்டட்டும் என்று அறைக்கு அறை வைத்தாயிற்று. வந்தவர்களோ ஒரு தரம் முகம் துடைத்த துண்டைக்கூடத் தரையில் கடாசிவிட்டுப் போனார்கள்.

“உங்க திட்டத்துல இதுவரைக்கும் மிச்சமானது அந்த அட்டைங்கதாம்மா,” என்று முதலாளி குரோகி கூட்டத்தில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அன்று குனிந்த தலை இன்னும் நிமிரவில்லை. சமையல்காரர் எதிரே வந்தால்கூட வேறு வழியாகப் போய்விடுவாள். ஹோட்டல் சங்கத்தார் பார்வையிட வரும்போது அட்டை மாட்டிய ஒரு விருந்தாளியையாவது காட்டாவிட்டால் திட்டத்துக்கு மூடுவிழாதான் என்றும் குரோகி சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில் வந்து சேர்ந்தவர்தான் இனாபா. ரயில்வேயிலிருந்து சமீபத்தில்தான் ஓய்வு பெற்றவர். திருமணநாளுக்கு ஒரு வாரம் நிம்மதியாக இருந்துவிட்டு வாருங்கள் என்று பிள்ளைகள் பணம் போட்டு அம்மாவையும் அப்பாவையும் அனுப்பியிருந்தார்கள். வந்த அன்று அந்த அம்மாள் தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் லிஃப்டில் ஏறியதை மிட்சுயோ பார்த்தாள்.

மறுநாள் காலையில் அவரே வரவேற்பு மேசைக்கு வந்தார். கையில் ஒரு துண்டும் ஒரு குளியல் அங்கியும், மடிப்புக் கலையாமல்.

“இது உபயோகப்படுத்தலைம்மா. துவைக்க வேணாம்,” என்று நீட்டினார். “ஒரு துண்டு போதும்.”

இரண்டு பேருக்கும் ஒரே துண்டா! மிட்சுயோ இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அவர்கள் அறைக் கதவில் அட்டை இறங்கவே இல்லை.

விடுவாளா அவள்? சங்கத்தார் வருகிற அன்றைக்கே அந்தத் தம்பதிக்குப் பாராட்டு என்று ஏற்பாடு செய்துவிட்டாள். கேட்டதும் இனாபா வெலவெலத்துப் போனார். அதற்கெல்லாம் நான் தகுதியானவனே இல்லை என்று குனிந்து குனிந்து மறுத்தார்.

மரியாதை தெரிந்த மனிதர் கேட்டவுடனே சரி என்று சொல்லிவிடுவாரா? மறுபடி கேட்டாள். மறுபடியும் மறுத்தார். மூன்றாம் தடவை கேட்டபோது பதிலே சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். அந்த ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இன்று வரவேற்புக் கூடத்துக்கு அவர் தனியாகத்தான் வந்தார். அம்மா எங்கே என்றதற்கு, குளிக்கப் போயிருக்கிறாள் என்றார். வெந்நீர் ஊற்றுக்கென்று வந்த இடத்தில் இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது!

சங்கத்தார் கைதட்டினார்கள். குரோகியே மிட்சுயோவின் பக்கம் வந்து, அன்றைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றார். அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. இனி சமையல்காரரைப் பார்த்து ஒளிய வேண்டியதில்லை.

பரிசாக ஒரே பெட்டியில் இரண்டு ஜோடிச் சாப்பாட்டுக் குச்சிகள். கணவருக்குக் கறுப்பில் நீளமாக, மனைவிக்குச் சிவப்பில் கொஞ்சம் குட்டையாக. வெளியே சாப்பிடப் போனாலும் கையோடு கொண்டுபோய்க் கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம் என்று அவளே எல்லோருக்கும் விளக்கினாள்.

இனாபா தலையை நிமிர்த்தவே இல்லை. காதுமடல் இரண்டும் சிவந்து போயிருந்தன. கறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, சிவப்பைப் பெட்டியோடு அவள் பக்கமே தள்ளினார்.

இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு அடக்கமா என்று அவள் நெகிழ்ந்து போனாள். “ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கணும்யா. இருங்க, நானே போய் அம்மாவைக் கூட்டிட்டு வர்றேன்,” என்று கிளம்பினாள். போட்டோக்காரரும் கேமராவைச் சரி செய்துகொண்டு நின்றார்.

இனாபா அவள் சட்டைக்கையின் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

“போகாதீங்கம்மா, அவ அங்க இல்லை,” என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. “வந்த ராத்திரியே என்னை விட்டுட்டுப் போயிட்டா. நான் வேலையில இருந்தவரைக்கும் பொறுத்தாளாம், இனிமே முழு நேரமும் என்கூட இருக்க முடியாதாம்.”

மிட்சுயோவுக்கு உடம்பெல்லாம் கூசியது. வேண்டாம் வேண்டாம் என்றவரை இழுத்து வந்து ஊர் முன்னால் நிறுத்திவிட்டோமே! சங்கத்தார் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை.

“அப்ப, அந்த அட்டை?”

“ரெண்டுல ஒரு படுக்கைதான் கலைஞ்சிருக்குன்னு யாரும் பார்த்துடக் கூடாதேன்னு மாட்டினேம்மா.”