கேட்சரின் ஓட்டு

"இந்த விரலைப் பாருங்க!" கார்லண்ட் ஸ்டக்கி வலது கையைத் தூக்கிக் காட்டினார். மூன்று விரல்கள் மூன்று திசை பார்த்தன. "காலேஜ் டீமுக்காக நாலு வருஷம் பந்துல அடி வாங்கின விரல். இன்னிக்கு உங்களுக்காக அடி வாங்கத் தயாரா இருக்கு!"

"அதைப் போன தேர்தல்லயே பார்த்தாச்சு, கார்லண்ட். ஆம்புலன்ஸ் விஷயத்துக்கு வா!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

நகர மன்றத் தலைவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். பேஸ்பாலில் கேட்சராக இருந்தவர். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி, எந்தப் பந்து போடுவது என்று பந்து வீசுபவனுக்குத் தொடை மறைவில் விரல் காட்டி, ஆட்டத்தை நடத்துகிறவன் கேட்சர்தான். அந்தப் பெருமையை வைத்தே இருபத்திரண்டு வருஷமாகப் பொதுச்சேவை செய்துவருகிறார்.

லொரெய்ன் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்திருந்தாள். தெற்குப் பக்க ஆம்புலன்ஸ் நிலையத்தை மூடிவிட்டு மனையை ஒரு பெட்ரோல் பங்க்காரருக்கு விடலாமா என்று இன்று ஓட்டு. போன குளிர்காலத்தில் அவள் அப்பா எமில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது நாலே நிமிஷத்தில் வண்டி வந்தது. இதை மூடினால், அடுத்த ஊரிலிருந்து வர நாற்பது நிமிஷம். அப்பாவின் நெஞ்சுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

எமிலும் அதே டீம்தான்; பந்து வீசுபவனுக்குப் பின்னால், மைதானத்தின் கோடியில் நின்று ஆடியவர். விரல்கள் நேராகவே இருந்துவிட்டதால் அவரை யாரும் தேர்தலில் நிற்கச் சொல்லவில்லை. இப்போது கடைசி வரிசையில், தொப்பி நெற்றியில் சரிய, தூங்குகிறவர் போல இருந்தார்.

மன்றத்தில் இடம் போதாமல் கூட்டத்தைப் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் போட்டிருந்தார்கள். மன்றத்தில் என்றால் மேசைக்கு முன்னால் பலகை அடைத்திருக்கும். இங்கே வெறும் மடக்கு மேசை, மேலே ஒரு துணிகூட இல்லை. கார்லண்ட் முழங்காலை அகட்டி, கையை நடுவில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். பழைய ஆட்டக்காரர் அல்லவா!

"நிலையம் இருக்கணுமா, வேண்டாமா?" என்று குமாஸ்தா பெயர் பெயராகக் கேட்டார்.

"இருக்கணும்" என்றார் மன்ற உறுப்பினரான டீச்சர் ஹெலன்.

மற்ற மூன்று உறுப்பினர்களும் கார்லண்டின் பழைய டீம்காரர்கள். பந்து வீசிய லைல் தலைவர் பக்கம் ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, "வேண்டாம்" என்றார். அடுத்த இருவரும் அப்படியே குனிந்தார்கள், அப்படியே சொன்னார்கள். தலை நிமிர முடியாத வெட்கம் என்று லொரெய்ன் நினைத்தாள்.

"இருக்கணும்!" கார்லண்ட் மேசையைக் குத்தினார். குரல் தழுதழுத்தது. "மூணுக்கு ரெண்டு! நான் ஒருத்தன் என்ன செய்ய?"

கூட்டம் கலைந்ததும் லொரெய்னின் தோளைத் தட்டினார். "அழாதேம்மா. மாநில செனட்டுக்கு நிக்கப்போறேன். அங்க போய் இந்த மூணு பேரையும் கவனிச்சுக்கறேன்."

அவருடைய வேட்புமனுவில் முதல் கையெழுத்தே லொரெய்னுடையது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் பெயர் போட்ட தேர்தல் பேட்ஜைக் கோட்டில் குத்திக்கொண்டாள். இன்னொன்றை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனாள்.

"எழுந்திருங்கப்பா. தோத்துட்டோம். ஆனா கார்லண்ட் நம்ம பக்கம் நின்னார். இந்தாங்க, உங்களுக்கும் ஒண்ணு."

எமில் பேட்ஜை வாங்கவில்லை. "நான் எங்கம்மா தூங்கினேன்? மேசைக்கு அடியையேதான் பார்த்துக்கிட்டிருந்தேன். அந்தக் காலத்துல நான் நின்ன இடத்துக்கு அவன் விரல் நல்லாத் தெரியும். ஒரு விரல்னா நேர்ப் பந்து. ரெண்டுன்னா, கடைசி நேரத்துல காலை வாரிவிடற பந்து."

"அதுக்கு என்னப்பா இப்ப?"

"அவங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி, மூணு பேருக்கும் ரெண்டு விரல் காட்டினான்."