கோல் போடாதவன்

ராஜகிரிக் கோட்டை மலையின் நிழல் மைதானத்தில் பாதியைத் தின்றுவிட்டது. செஞ்சி கால்பந்து அணி ஒரு கோலில் ஜெயித்ததை மைக் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறது. பதினெட்டு வருடமாக அந்த அணிக்குத் தடுப்பாட்டக்காரனாக, பேக்காக ஆடும் பச்சைமுத்து, கோல் கம்பத்தில் சாய்ந்து வலது காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான். கடைசி நிமிடத்தில் கோலுக்குள் பாய்ந்த பந்தை முட்டியால் மறித்தவன் அவன்தான். மைக்கில் அவன் பெயர் வரவில்லை. இங்கே கோல் போட்டவனுக்குத்தான் சால்வை. தடுத்தவனுக்கு எந்த ஊரிலும் போர்த்தியதில்லை. முட்டி வீங்கி, தொட்டால் சுடுகிறது. கோல் போட்ட விமல்ராஜ் தோளில் சால்வையோடு ஓடி வருகிறான். கையில் ஜூஸ் கடையில் கேட்டு வாங்கிய ஐஸ். "இன்னாண்ணே, இப்புடி வீங்கிப்போச்சு?" கட்டுவதற்குத் துணி தேடுகிறான். இருவர் ஜெர்சியிலும் புழுதி. சட்டென்று சால்வையை உருவி, ஐஸை வைத்து முட்டியைச் சுற்றி இறுக்குகிறான்.

"டேய், புதுசுடா."

"கெடக்குதுண்ணே. அடுத்த மேட்ச் நீ ஆட வாணாமா?"

ஜரிகையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பச்சைமுத்துவின் செல்போன் அடிக்கிறது, மனைவி மகாலட்சுமி. ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் கேட்கிற அதே கேள்விதான்.

"ஜெயிச்சிட்டீங்களாமே! இந்தவாட்டியாவது உங்களுக்கு சால்வ போட்டாங்களா?"

அவன் காலைப் பார்க்கிறான்.

"போட்டாங்க," என்கிறான். "வந்து காட்றேன்."