மண்டபம் முழுசா வரணும்

அமாவாசைப் பிற்பகல். வங்காளத்துச் சந்தன்நகரின் படித்துறைக்கு மேலே, அடுத்த வாரத் திருவிழா விளக்குகளுக்காகக் கட்டிய மூங்கில்கள் வெறுமையாக நிற்கின்றன. பெஹாலாவில் இருக்கும் தம்பி இஞ்ஞாசியைப் பார்க்கப் புதுச்சேரியிலிருந்து வந்திருக்கும் அர்லேத், பிரெஞ்சுக்காரர் காலத்து மண்டபத்தின் முன் அவனை நிறுத்திவிட்டு, கைப்பேசியைப் பிடித்தபடி பின்பக்கமாகவே படியிறங்குகிறாள். "நம்ம ஊரு தூணு மாதிரியே இருக்குடா. இரு, மண்டபம் முழுசா வரணும்." ஹூக்ளி ஆறு அவளுக்கு இடம் விட்டுக்கொண்டே வடிகிறது, அவள் இறங்க இறங்கப் பாசி மினுங்கும் புதுப் படிகள் வெளியே வருகின்றன. கரையில் கட்டியிருந்த படகுகள் அவிழ்ந்து நடு ஆற்றுக்கு விரைகின்றன. இதுபோன்ற அமாவாசைகளில், கடல் ஓதம் சுவராக எழுந்து ஆற்றில் ஏறி வரும் நாள்களில், கரையில் நிற்கும் எதையும் அது விட்டுவைப்பதில்லை. கடைசிப் படகுக்காரர் வங்காள மொழியில் அவளைப் பார்த்துக் கத்துகிறார். "போன்ழூர்!" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லி, திரும்பாமலே கையைத் தூக்கி ஆட்டுகிறாள். தெற்கே, பாலத்தில் ரயில் ஏறுவதுபோல் ஓர் இரைச்சல் தொடங்கி நிற்காமல் வளர்கிறது. திரையில் மண்டபம் முழுதாக வந்துவிட்டது. அதன் நடுவே இஞ்ஞாசியின் வாய் அசைகிறது, சத்தம் கேட்கவில்லை.

"எனக்குப் பின்னால என்னத்தடா பாக்குற? இங்க பாரு. கொஞ்சம் சிரி."