ஃபுல் டேங்க்

ஜப்பானின் கியூஷு தீவுக் கரையைப் புரட்டிப்போட்டுவிட்டுப் போயிருந்தது புயல். ஊரெங்கும் கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டு இசோபேயின் பேட்டரி கார் சார்ஜ் இல்லாமல் வாசலில் செத்துக் கிடந்தது. முரோதாவுக்கு உள்ளூரக் குஷி. ஹைட்ரஜனிலிருந்து தானே கரண்ட் தயாரித்து ஓடும் அவருடைய காரை இத்தனை வருஷம் கிண்டலடித்த ஆளாயிற்றே!

இசோபே நீளமான ஒயரோடு வந்து தலைகுனிந்தார்.

“முரோதா சான், என் மனைவியோட ஆக்சிஜன் மெஷினுக்கு உங்க கார்லேர்ந்து கரண்ட் குடுங்க. சிலிண்டர் சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும். ஆம்புலன்ஸ் காலையிலதான் வருமாம்.”

“டேங்க்ல அடியிலதான் கொஞ்சம் இருக்கு. ஒரு ராத்திரிக்குத்தான் வரும்.”

“அது போதுமே!”

“எதுக்கு அரைகுறையா? ஃபுல் பண்ணிட்டு வந்து ஒரு வாரத்துக்கே தரேன். உங்க வண்டி மாதிரி கரண்ட்டுக்குக் கையேந்தற வண்டியா இது?”

மரங்கள் சாய்ந்த சாலைகளைச் சுற்றிச் சுற்றிப் பக்கத்து ஊர் பங்க்கை அடைந்தபோது டேங்க் சுத்தமாகக் காலி.

பங்க் ஊழியர் குனிந்து வணங்கினார்.

“மன்னிக்கணும் சார். கரண்ட் இருந்தாத்தான் ஹைட்ரஜனை அழுத்தி ஏத்த முடியும். இங்கயும் கரண்ட் இல்ல.”

முரோதாவின் போன் அடித்தது. இசோபே.

“முரோதா சான், ஒயரை ஜன்னல் வழியா இழுத்து ரெடியா வெச்சுட்டேன். நீங்க வந்ததும் சொருகிடலாம்.”