நுரை ஊறும் கைப்பிடி

குளியலறைச் சன்னலின் பால்நிறக் கண்ணாடி வழியாகக் காலை வெளிச்சம் கசிந்து, முக்காலியில் உட்கார்ந்திருக்கும் கணவனின் தோளில் படிகிறது. வாதம் தாக்கிய வலது கை மடியில் பூனைபோல் உறங்குகிறது. இடக்கையில் அவன் மனைவி செய்த சவர பிரஷ். பொம்மைகளுக்குள் விசை வைப்பது அவள் தொழில். இதில் கைப்பிடிக்குள்ளேயே சோப்பை வைத்திருக்கிறாள். முதலில் செய்ததைத் திருகினால்தான் சோப்பு வரும். "திருகுறதுக்கு இன்னொரு கையை யார்கிட்ட இரவல் வாங்குறது?" என்று அவன் சிரித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இந்தப் புதியதில் கட்டைவிரலுக்கு ஒரு பொத்தான். அவன் அழுத்துகிறான். உள்ளே யாரோ பெருமூச்சு விடுவதுபோல் சத்தம் கேட்கிறது. பிரஷ் மயிரின் நடுவிலிருந்து வெண்மை ஊறி வந்து, கன்னத்தில் வட்டம் வட்டமாக மேகம் படர்கிறது. ஒரு குமிழி பிரிந்து, வெளிச்சத்தில் நீலமாகி, பிறகு இல்லாமல் போகிறது. இதுநாள்வரை அந்த வட்டங்களைப் போட்ட அவள் விரல்கள், வேலையில்லாமல் துண்டின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருக்கின்றன. "நல்லா வருதா?" என்கிறாள். "ஜோரா வருது." அவள் தலையாட்டிவிட்டு, சொட்டாத குழாயை ஒருமுறை இறுக்கிப் பார்க்கிறாள். அவன் முகம்பார்க்கும் கண்ணாடியில் அவளையே பார்க்கிறான். பிறகு வலது காதுக்குக் கீழே நுரை படாத இடத்தைக் காட்டி, "இங்க மட்டும் எனக்கு எட்டல" என்று பிரஷை நீட்டுகிறான். நேற்று அதே இடக்கையால்தான் அலமாரி உச்சியில் கிடந்த குடையை எடுத்தான். அவள் அதைச் சொல்லாமல் பிரஷை வாங்கிக்கொண்டு, அவன் முகவாயை மெல்ல நிமிர்த்துகிறாள்.